நின்றுபோன டைல்ஸுக்கு மாற்று: முதலில் உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள்

கேள்வி இதுதான்: வீடு கட்டி 18 வருடம் ஆகிறது. குளியலறைச் சுவருக்குள் குழாய் கசிந்ததால் மூன்று டைல்ஸை உடைத்து எடுக்க வேண்டி வந்தது. சமையலறைத் தரையிலும் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டிருக்கின்றன. இரண்டு டைல்ஸுமே இப்போது தயாரிப்பில் இல்லை. போகிற கடையில் எல்லாம் "மொத்தமாக மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். ஐந்து டைலுக்காக இரண்டு அறையையும் பெயர்த்துப் போடத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. கடைக்காரர் அப்படிச் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் பழைய டைல் இல்லை, இருப்பதைத்தான் அவரால் விற்க முடியும். ஆனால் நன்றாக இருக்கிற நூறு டைல்ஸை ஐந்து டைலுக்காக உடைத்துக் குப்பையில் கொட்டுவதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது. உடைப்பது என்றால் டைலோடு முடிவதில்லை. அடியில் உள்ள பூச்சு பெயரும், குளியலறையாக இருந்தால் நீர்த்தடுப்புப் பூச்சும் போகும், வாஷ்பேசின், குழாய், கதவுச் சட்டத்தின் அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்க வேண்டி வரும். அதனால் கொஞ்சம் பொறுமையாகத் தேடிப் பாருங்கள். எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

தேடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். குளியலறையில் காரணம் தெரிந்ததுதான், குழாய்க்காக நீங்களே உடைத்தீர்கள். சமையலறைத் தரையில் அந்த இரண்டு டைல்ஸ் ஏன் விரிந்தன என்று பார்த்தீர்களா? கனமான பாத்திரம் விழுந்து நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளியிலிருந்து கீறல் கிளம்பியிருந்தால் கவலையில்லை, டைலை மாற்றினால் போதும். ஆனால் கீறல் ஒரு டைலில் ஆரம்பித்து ஜாயிண்டைத் தாண்டி அடுத்த டைலுக்கும் ஒரே கோடாகப் போகிறது என்றால், அடியில் உள்ள கான்கிரீட்டே அந்தக் கோட்டில் அசைகிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் மேலே எவ்வளவு அழகாகப் பொருந்தும் டைலை ஒட்டினாலும் மறுபடி அதே இடத்தில்தான் விரியும். ஒரு நாணயத்தாலோ உளியின் மரப்பிடியாலோ சுற்றியுள்ள டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் டைல் கனமாகச் சத்தம் தரும், அடியில் காற்று இருக்கிற டைல் வெற்றுப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒலிக்கும். அப்படி ஒலிக்கிறவற்றில் சாக்பீஸால் குறி போட்டு வையுங்கள். இதில் இன்னொரு பயனும் இருக்கிறது, ஏனென்றால் அப்படி அடியில் பிடிப்பு விட்ட டைல்தான் உடையாமல் முழுதாகக் கழன்று வரக்கூடியது. பின்னால் அது தேவைப்படும்.

இன்னொன்று, மேல்பூச்சில் மட்டும் வலை மாதிரி நுண்ணிய கோடுகள் ஓடியிருந்தால் அது விரிசல் அல்ல. களிமண் உடல் வருடக்கணக்கில் ஈரத்தை வாங்கிக் கொஞ்சமாக விரியும்போது மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு ஈடுகொடுக்க முடியாமல் கீறிக்கொள்கிறது. பார்க்க ஒரு மாதிரியாக இருந்தாலும் டைல் உறுதியாகவே இருக்கும். அதையெல்லாம் மாற்ற வேண்டிய பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சரி, இப்போது தேடல். முதல் கடை உங்கள் வீடுதான்.

டைல்ஸ் ஒட்டும்போது எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வாங்குவது வழக்கம், வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்துப் பத்து சதவீதம் வரை. மிஞ்சியதை யாரும் உடனே தூக்கிப் போடுவதில்லை. பரண், மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குளியலறைப் பொய்க்கூரைக்கு மேலே, தோட்டத்து மூலையில் செங்கல்லோடு செங்கல்லாக, எங்கே வேண்டுமானாலும் இருக்கும். பூந்தொட்டிக்கு அடியில் தட்டாக வைத்திருப்பதையும் திருப்பிப் பாருங்கள். வீட்டை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அங்கே எதுவும் கிடைக்காவிட்டாலும் வீட்டில் இன்னும் டைல்ஸ் இருக்கிறது, ஒட்டியபடியே. இதைத்தான் பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள சுவர், வாஷிங் மெஷினுக்கு அடியில் உள்ள தரை, சமையலறை மேடைக்குக் கீழே அலமாரிக்குள், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால், திறந்து வைத்த கதவு எப்போதும் மறைத்துக்கொண்டிருக்கும் மூலை. இங்கெல்லாம் இருப்பது பெரும்பாலும் அதே சரக்கிலிருந்து எடுத்து ஒட்டிய அதே டைல். நிறத்திலும் அளவிலும் வித்தியாசம் இருக்காது, தரையில் மட்டும் மிதிபடாத டைல் கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கலாம். அந்த நல்ல டைலை மறைவிடத்திலிருந்து கழற்றி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். காலியான மறைவிடத்தில், கடையில் கிடைக்கிற ஓரளவு பொருந்தும் டைலை ஒட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நிறம் கொஞ்சம் மாறியிருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஐந்து டைலுக்கு நீங்கள் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் இந்த இடமாற்றம் தருகிற பொருத்தத்தைத் தர எந்தக் கடையாலும் முடியாது.

ஒரே எச்சரிக்கை, அலமாரியை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றி மட்டும் டைல்ஸ் ஒட்டியிருக்கவும் கூடும். அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள். ஸ்கர்ட்டிங்கும் (சுவரின் அடியோரமாக ஓடும் பட்டை) அதே டைலில் வெட்டியதா என்று பாருங்கள். முழு டைலுக்கு உதவாவிட்டாலும், ஓரத்தில் பாதி டைல் தேவைப்படும் இடத்துக்கு அந்தத் துண்டு போதும்.

என் வீட்டுக் குளியலறையில் இதை நானே செய்திருக்கிறேன். வெளிர்பச்சை, அங்கங்கே லேசாக மேகம் படர்ந்த மாதிரி ஒரு டைல், எங்கே தேடியும் கிடைக்காத ரகம். கண்ணாடியைக் கழற்றினேன், பின்னால் நான்கு முழு டைல்ஸ் சுத்தமாக இருந்தன. நான்கு பக்க ஜாயிண்டையும் கிரவுட் (ஜாயிண்டை அடைக்கும் கலவை) சுரண்டும் சின்ன ரம்பத்தால் அடிவரைக்கும் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை முழுக்க ஆனது. டைலின் பூச்சில் கீறல் விழாமல் இருக்க இரு பக்கமும் தடித்த டேப் ஒட்டிக்கொண்டேன். அவசரப்பட்டு முதல் டைலை நேராக நெம்பினேன், மூலை தெறித்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, நெம்புவதற்கு ஒரு பக்கம் காலி இடம் வேண்டும். தெறித்த அந்த டைலையே பலி கொடுத்து முழுவதும் உடைத்து எடுத்தேன். கிடைத்த பள்ளத்தின் வழியாக அகலமான மெல்லிய உளியை அடுத்த டைலின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கிடைமட்டமாக விட்டு, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, ஒரே இடத்தில் அழுத்தாமல் ஓரம் முழுக்க நகர்த்திக்கொண்டே போனேன். சத்தம் மாறுவது காதில் தெரியும். இறுக்கமாக ஒலித்தது மெல்ல வெற்றாக ஒலிக்க ஆரம்பித்ததும் கையை அடியில் கொடுத்துக்கொண்டேன், டைல் அப்படியே உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. நான்கில் மூன்று முழுதாக வந்தன. எனக்குத் தேவை இரண்டுதான்.

அதனால் கணக்குப் போடும்போது தேவைக்கு மேல் ஒன்றிரண்டு உடையும் என்று வைத்தே மறைவிடத்தைத் தேர்ந்தெடுங்கள். சுவர் டைல் மெலிதும் மென்மையுமானது, ஆனால் அதன் பின்பக்கம் பெரும்பாலும் கலவையைக் கட்டிகட்டியாக வைத்து ஒட்டியிருப்பதால் இடையிடையே காற்று இருக்கும், கழற்றுவது எளிது. தரை டைல் முழுக் கலவையில் உட்கார்ந்திருக்கும், முரண்டு பிடிக்கும். தட்டிப் பார்த்துக் குறி போட்டீர்களே, வெற்றாக ஒலிக்கும் டைல், அதில் மறைவிடத்தில் இருப்பதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். சிமெண்டே சேராத பிசின் மாதிரியான பசையால் ஒட்டியிருந்தால் ஹீட் கன்னால் மெதுவாகச் சூடேற்றினால் பசை இளகும். ஜிப்சம் பலகையில் ஒட்டியிருந்தால் பலகையோடு சேர்த்து வெட்டி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள், காகிதமும் ஜிப்சமும் தானே உரிந்துவிடும்.

வேலை செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, நல்ல தூசிக்கவசம் மூன்றும் கட்டாயம். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. டைலிலும் சிமெண்டிலும் இருக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் வெளியே வராது, வருடக்கணக்கில் இந்த வேலை செய்பவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருவதற்குக் காரணமே அதுதான். கிரைண்டர் ஓட்டும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டுங்கள். உங்கள் வீடு 18 வருடம்தான், ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருடைய வீடாவது மிகப் பழையதாக இருந்து, தரை டைலுக்கு அடியில் கறுப்பாகத் தார் மாதிரிப் பசை தெரிந்தாலோ, பின்னால் சிமெண்ட் பலகை இருந்தாலோ அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. சுரண்டாமல் நிறுத்திவிட்டு முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

வீட்டுக்குள் வழியில்லை, அல்லது மறைவிடம் போதவில்லை என்றால் வெளியே தேட வேண்டும். வெளியே போகும் முன் கையில் மூன்று விஷயங்கள் வேண்டும்: ஒரு துண்டு, சரியான அளவு, பின்பக்கத்துப் படம்.

உடைத்த டைலின் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லைதானே? போட்டிருந்தாலும் குப்பையிலிருந்து இரண்டு பெரிய துண்டுகளை எடுத்து வையுங்கள். போனில் எடுத்த படத்தை வைத்து நிறம் பார்க்கவே முடியாது, வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். பின்பக்கத்தில் ஒட்டிய கலவையைச் சுரண்டிக் கழுவினால் அச்சுப் பதிந்த எழுத்துகள் தெரியும். நிறுவனப் பெயரோ முத்திரையோ, சில சமயம் நாட்டின் பெயர், ஏதாவது எண். ஒன்றுமே இல்லாவிட்டாலும் பின்பக்கத்துக் கோடுகளும் கட்டங்களும் இருக்கும், அந்த வடிவத்தைப் பார்த்தே பழைய வியாபாரி ஒருவர் தயாரிப்பாளரைச் சொல்லிவிட வாய்ப்பு இருக்கிறது. உடைந்த விளிம்பில் உடலின் நிறத்தையும் பாருங்கள், செம்மண் நிறமா, வெள்ளையா, சாம்பலா என்று. அது தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும். பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டும் பாருங்கள், சட்டென்று உறிஞ்சினால் சாதாரண சுவர் டைல், அப்படியே முத்தாக நின்றால் விட்ரிஃபைட் அல்லது போர்சலின் என்கிற, தண்ணீர் இறங்காத இறுக்கமான வகை.

அளவு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு அடி டைல் என்று கடையில் சொல்வது 12 அங்குலமாக இருந்தால் 304.8 மில்லிமீட்டர், 30 சென்டிமீட்டராக இருந்தால் 300 மில்லிமீட்டர். 8 அங்குலம் என்றால் 203.2, அதன் அருகில் 20 சென்டிமீட்டர் என்பது 200. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பள்ளத்தில் வைத்தால் ஒன்று நுழையாது, அல்லது ஒரு பக்க ஜாயிண்ட் மட்டும் விகாரமாக அகன்று நிற்கும். இதிலும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு பெயருக்குத்தான், சூளையில் வேகும்போது களிமண் சுருங்கும், ஒவ்வொரு வேக்காட்டிலும் சற்றே கூடக் குறைய வரும். அதனால்தான் பெட்டியில் ஷேடு எண்ணோடு (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) காலிபர் என்று இன்னொரு எண்ணும் போடுகிறார்கள், அது உண்மையான அளவின் வகை. நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சுவரில் வரிசையாகப் பத்து டைல்ஸ், பத்து ஜாயிண்ட், அதாவது முதல் டைலின் விளிம்பிலிருந்து பதினோராவது டைல் ஆரம்பிக்கும் விளிம்பு வரை, டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். அதிலிருந்து ஒரு ஜாயிண்டின் அகலத்தைக் கழித்தால் டைலின் உண்மையான அளவு வந்துவிடும். ஒரு டைலை மட்டும் அளப்பதைவிட இது துல்லியமானது. தடிமனை வெர்னியர் காலிப்பர் வைத்து அளங்கள், பூச்சு முகப்பிலிருந்து பின்பக்கக் கோட்டின் உச்சி வரைக்கும்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு எங்கே போவது? உங்கள் வீடு ஒரே கட்டடத்தில் பல வீடுகளில் ஒன்று, அல்லது ஒரே ஆள் கட்டிய வரிசை வீடு என்றால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கட்டியவர் மொத்தமாக ஒரே டைல் வாங்கியிருப்பார். பக்கத்து வீட்டுப் பரணில் நான்கு கிடக்கலாம், யாராவது குளியலறையைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றால் உடைப்பதற்கு முன் பத்து டைலைக் கழற்றிக்கொள்ள அனுமதி கேட்கலாம். அடுத்து தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், முன்பக்கம், பின்பக்கம் படங்கள், அளவு, ஏறத்தாழ எந்த வருடம் என்று சொல்லி. அவர்களிடம் டைல் இல்லாவிட்டாலும் அதன் பெயரும் எண்ணும் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். பெயரை வைத்து எந்த வியாபாரியின் கிடங்கிலாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்க முடியும். பெரிய பளபள ஷோரூமில் பழைய சரக்கை வைத்திருக்க மாட்டார்கள், இடம் போதாது. வருடக்கணக்காக ஒரே இடத்தில் இருக்கும் சின்னக் கடையின் பின்கிடங்கில்தான் பாதிப் பெட்டிகள் தூசி படிந்து கிடக்கும். கட்டடங்களை இடித்த பொருட்களை விற்கும் இடங்களையும், மிச்சப் பொருட்களை மக்கள் இணையத்தில் விற்கும் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். நின்றுபோன டைல்ஸை மட்டும் சேர்த்து வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள், துண்டை அனுப்பினால் பொருத்தம் பார்த்துச் சொல்வார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் தயாரிப்பை நிறுத்திவிடுகிறார்கள் என்று கோபம் வருவது நியாயம்தான். முன்பு டைலில் வடிவம் அச்சிட ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரையோ உருளையோ செய்ய வேண்டும், செலவு அதிகம், அதனால் ஒரு டிசைனைப் பல வருடம் ஓட்டுவார்கள். 2000க்குப் பிறகு இங்க்ஜெட் அச்சு வந்து மெல்ல மெல்ல எல்லோரும் அதற்கு மாறினார்கள். இப்போது டிசைன் என்பது கணினியில் ஒரு கோப்புதான், மாற்றுவது சுலபம், அதனால் வரிசைகளும் வேகமாக வந்து வேகமாகப் போகின்றன.

அதே பெயர், அதே எண் போட்ட பெட்டி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சூளை வேக்காட்டிலும் நிறம் லேசாக மாறும், ஷேடு எண் வேறாக இருந்தால் நிறமும் வேறுதான். தரை டைலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: உங்கள் தரை 18 வருடம் மிதிபட்டுப் பளபளப்பு குறைந்திருக்கும், அதே பெட்டியின் புது டைலே பக்கத்தில் வைத்தால் அந்நியமாகத் தெரியும். இதற்காகவும்தான் இடமாற்றத்தை அவ்வளவு வலியுறுத்துகிறேன், ஆட்கள் நடமாடும் பகுதியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் அலமாரி ஓரத்து டைல் ஓரளவு தேய்ந்தே இருக்கும், புதுசை விட அதுதான் ஒட்டும்.

சரியாக அதே டைல் இல்லை, பொருந்துகிற வேறொன்றைத்தான் தேட வேண்டும் என்ற நிலை வந்தால், எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் நிறத்தைக் கடைசியில் பார்ப்பேன். அளவு பொருந்தவில்லை என்றால் மற்ற எதுவும் உதவாது, எனவே அது முதலில். பெரிய டைலை வாங்கி வெட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும், உங்கள் பழைய டைலின் விளிம்பு லேசாக உருண்டிருந்தால் அந்த வித்தியாசம் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும், வைரத்தூள் பதித்த தேய்ப்புக்கல்லால் தேய்த்து ஓரளவு சரிசெய்யலாம். அடுத்து தடிமன். மெலிதான டைலைக் கூடுதல் பசை வைத்து மட்டத்துக்குக் கொண்டுவர முடியும், தடித்த டைலுக்கு அடிப்பூச்சைச் செதுக்க வேண்டும். அதற்கு அடுத்து பளபளப்பு. நிறம் ஒரு பிடி மாறினாலும் கண் மன்னித்துவிடும், பளபளப்பு மாறினால் மன்னிக்காது, ஏனென்றால் நடந்து போகும்போது ஜன்னல் வெளிச்சம் மற்ற டைல்ஸிலெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்து அந்த ஒன்றில் மட்டும் அணைந்துவிடும். நிறத்தில் எது கஷ்டம் என்று கேட்டால், பூப்போட்டதோ பளிங்கு வடிவமோ இல்லை, வெறும் வெள்ளைதான். வெள்ளையில் நீலம் கலந்தது, மஞ்சள் கலந்தது, சாம்பல் கலந்தது என்று எத்தனையோ. தனியாகப் பார்த்தால் எல்லாம் வெள்ளை. பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்காகத் தெரியும்.

மாதிரி டைலை வீட்டுக்கே கொண்டுவந்து அந்த இடத்திலேயே வைத்துப் பாருங்கள். காலை வெளிச்சத்தில் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை. பகலில் ஒன்றாக இருக்கும் இரண்டு நிறங்கள் மஞ்சள் விளக்கில் பிரிந்து தெரிவது சகஜம், வெவ்வேறு நிறமிகள் ஒவ்வொரு ஒளிக்கும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லும். குனிந்து மூக்கை ஒட்டிப் பார்க்காதீர்கள், வழக்கமாக நிற்கும் தூரத்திலிருந்து பாருங்கள்.

சுவர் டைலைத் தரையில் ஒட்டுவது மட்டும் கூடாது, நிறம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி. டைல்ஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13006இல் டைல்ஸை நீர் உறிஞ்சும் அளவை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்: போர்சலின் 0.5 சதவீதத்துக்குள், சுவருக்கான டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல். அவ்வளவு உறிஞ்சுகிற மென்மையான உடல் நடமாட்டத்தைத் தாங்காது, மேல்பூச்சும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாறாகப் போர்சலினைச் சுவரில் ஒட்டலாம், ஆனால் அது சிமெண்ட் பாலைக் குடிக்காது, வெறும் சிமெண்டில் நிற்காது. அதற்கென்று உள்ள டைல் பசைதான் வேண்டும்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, செய்து வாங்குவது. மண்பாண்டக் கலைஞர்கள் சிலர் துண்டைப் பார்த்துப் பூச்சு நிறம் கலந்து ஐந்து பத்து என்று செய்து தருவார்கள். ஒற்றை நிறச் சுவர் டைலுக்கு இது நன்றாக வரும், நேரம் பிடிக்கும், விலையும் கூடும். வடிவம் போட்ட டைல் என்றால் எப்படி அச்சிடுகிறார்கள் என்று கேளுங்கள். செராமிக் டெக்கால் (சூளைச் சூட்டுக்கென்று அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டி 800 டிகிரி அளவில் மறுபடி சூளையில் வைத்து எடுத்தால் வடிவம் பூச்சோடு உருகிச் சேர்ந்துவிடும். சப்ளிமேஷன் முறையில் வெப்ப அழுத்தத்தில் மட்டும் அச்சிட்டது வெயில் பட்டால் மங்கும், தேய்த்துக் கழுவினாலும் போகும். இரண்டும் கடையில் பார்க்க ஒரே அழகுதான்.

இன்னொரு வழி, ஒளிக்க முயலாமல் விட்டுவிடுவது. பொருந்தியும் பொருந்தாமலும் இருக்கும் ஒரு டைல் ஒட்டுப்போட்டது போலவே தெரியும். முற்றிலும் வேறான நிறத்தில் ஒரு முழு வரிசையே ஓடினால் அது டிசைன். உங்கள் குளியலறையில் மூன்று டைல்ஸ் மேலும் கீழுமாக ஒரே பத்தியில் இருந்தால், அந்தப் பத்தியையே தரையிலிருந்து கூரை வரை எடுத்துவிட்டு அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டை ஓட விடலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த லாபம் ஒன்று இருக்கிறது: அந்தப் பத்தியில் கவனமாகக் கழற்றிய பழைய டைல்ஸ் எல்லாம் இனி உங்கள் கையிருப்பு. தரையிலும் அப்படித்தான், அடுப்பு மேடைக்கு முன்னால் நீளமாக ஒரு கம்பளம் விரித்த மாதிரி வேறு டைலைப் பதித்து, கழற்றியதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக இரண்டு கறுப்பு டைலை மட்டும் தரையில் போடாதீர்கள், அது அலங்காரமாகவும் நிற்காது, மறையவும் செய்யாது.

வெறும் விளிம்புச் சில்லு, ஆணி அடித்த துளை இதற்கெல்லாம் டைலையே மாற்ற வேண்டாம், நிறம் கலந்த எபாக்ஸி நிரப்பியே போதும்.

ஒட்டும் கட்டத்துக்கு வந்தால், பள்ளத்தின் அடியில் பழைய கலவையை முழுவதும் செதுக்கி எடுங்கள், புது டைலைப் பசையில்லாமல் வைத்துப் பார்த்தால் அக்கம்பக்கத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்து உட்கார வேண்டும். சுவரிலும் டைலின் முதுகிலும் பசையைத் தடவி அழுத்துங்கள், வெற்றிடம் விடாதீர்கள். ரசமட்டத்தின் நேரான விளிம்பை நான்கு பக்கமும் வைத்துத் தடவிப் பார்த்தால் எந்த மூலை தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் முழுக்க விட்டுப் பிறகு கிரவுட்.

கிரவுட்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது. அதே டைலை அச்சாக ஒட்டியிருப்பார்கள், சுற்றி நான்கு பக்கமும் புது வெள்ளைக் கிரவுட் சட்டம் போட்ட மாதிரி நிற்கும், பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். பெட்டியில் உள்ள நிறத்தை நம்பாதீர்கள், சிமெண்ட் கிரவுட் காய்ந்ததும் வெளிறும். இரண்டு மூன்று நிறத்தைக் கொஞ்சமாகக் குழைத்து அட்டையில் தடவி முழுவதும் காய வைத்து, கழுவித் துடைத்த பழைய ஜாயிண்டோடு ஒப்பிட்டு எடுங்கள். அதைவிட நல்லது, ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவர் முழுவதற்கும் மேலாகச் சுரண்டிப் புதுக் கிரவுட் போட்டுவிடுவது. ஒரு நாள் கூடுதல் வேலைதான், ஆனால் எந்த டைல் மாற்றியது என்று உங்களுக்கே தேட வேண்டியிருக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், சிலிக்கான் வையுங்கள், அங்கே அசைவு இருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சமையலறையில் ஃபிரிட்ஜை நகர்த்தி அடியில் உள்ள தரையைத் தட்டிப் பார்த்து இரண்டு டைலை அங்கிருந்து எடுப்பேன். குளியலறையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பேன், அங்கே மூன்று கிடைக்காவிட்டால் பத்திப் பட்டைக்குப் போவேன். சுவரை மூடுவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். சரிசெய்த குழாயில் சில நாள் வழக்கம்போலத் தண்ணீர் ஓட விட்டு, இணைப்பைச் சுற்றி ஒரு காகிதத் துணியைக் கட்டி வையுங்கள், அது காய்ந்தே இருக்கிறது என்றால் பூசலாம். உடைத்த இடத்தில் நீர்த்தடுப்புப் பூச்சை அக்கம்பக்கத்துப் பழைய பூச்சின் மேல் ஏறும்படி தடவிவிட்டு அதன் மேல்தான் டைல். அது காயும் நாளுக்குள் பின்பக்கத்தைக் கழுவி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பத்து டைல் அளந்த கணக்கையும் இங்கே போடுங்கள், எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.